கொடுத்த கையும் கொண்டுவந்த கையும்

ஜனவரி மாதத்தின் முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பொதுப் பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறைகளை வாரத்துக்குச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளியில், பொருளாளர் பொறுப்பை ஏற்றிருந்த இளைஞர், விடுமுறை நாட்களில் சேர்ந்துகிடந்த தபால் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்; அருகில் நானும் அமர்ந்திருந்தேன். ஓர் உறையில் 2,000 டாலருக்கான காசோலையும் அதனுடன் ஒரு பக்கக் கடிதமும் இருந்தன. காசோலையின் தலைப்பில் இருந்ததோ எந்தப் பெற்றோரின் பெயரும் அல்ல, எந்த நண்பரின் பெயரும் அல்ல. தொலைதூர நகரம் ஒன்றில் உள்ள பெரிய நிதி ஸ்தாபனத்தின் பெயர். ஏதோ ஒரு பெரிய கம்பெனி மனமிரங்கிச் சிறிய பள்ளிக்கு உதவியிருக்கிறது என்று மகிழ்ந்த பொருளாளர், அந்த ஸ்தாபனத்தின் பெயருக்கே ஒரு ரசீதை அனுப்பிவிட்டு, கடிதத்தைக் கோப்பில் வைத்து மூடிவிட்டார்.

மூன்று மாதங்கள் சென்றன. சித்திரை விழாவுக்கான ஒத்திகை நடந்த கூடத்தில், வயது முதிர்ந்த மருத்துவ அம்மையார் ஒருவர் பொருளாளரைத் தனியே அழைத்து, மனவருத்தம் வெளியே தெரியாத குரலில், “தம்பி, பள்ளிக்கு நான் அனுப்பச் சொன்ன பணம் வந்து சேர்ந்ததா, இல்லையா?” என்று கேட்டார். “உங்கள் பெயரில் ஒன்றும் வரவில்லையே, அம்மா” என்றார் பொருளாளர், கொஞ்சமும் சந்தேகமின்றி. அன்று மாலை கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை முதல் தடவையாக முழுவதும் படித்தபோதுதான், அதன் நடுப்பகுதியில் அம்மையாருடைய குடும்பத்தின் பெயரால் அமைந்த நிதியின் பெயரும், அதற்குக் கீழே அவருடைய பெயரும் வீட்டு விலாசமும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததை அவர் கண்டார். நன்றி சொல்லப்படாமல் போகவில்லை. சொல்லப்பட்ட நன்றி போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இக்காலத்துத் தர்ம ஸ்தாபனங்கள் பலவற்றின் அனுபவம் இதுவே ஆதலால், இந்த விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

நிதியின் இலக்கணம்

அந்த அம்மையார் பயன்படுத்திய முறைக்கு அமெரிக்காவில் ‘டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்’ என்று பெயர். அங்கு வாழும் தமிழர்கள் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டாஃப்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாம் அதனைக் கொடையாளர் ஆலோசனை நிதி என்று வழங்கலாம். தர்மம் செய்ய விரும்பும் ஒருவர், தாம் உதவ எண்ணும் ஸ்தாபனத்துக்கு நேரே கொடுக்காமல், சட்டப்படி பொதுத் தர்ம ஸ்தாபனமாகவே அங்கீகாரம் பெற்ற ஒரு நிர்வாக ஸ்தாபனத்தில் தம் பெயராலோ குடும்பத்தின் பெயராலோ ஒரு கணக்கைத் திறந்து, அதில் பணத்தையோ பங்குகளையோ சேர்த்துவிடுகிறார். சேர்த்த அந்தக் கணத்திலேயே அது தர்மமாகிவிடுகிறது. வருமான வரியில் உரிய கழிவும் அந்த ஆண்டிலேயே அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அதன்பின் அந்தப் பணம் அவருடையதன்று. எனினும், இன்ன ஸ்தாபனத்துக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று தமக்குத் தோன்றும்போதெல்லாம் சிபாரிசு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. சிபாரிசை ஏற்பதும் மறுப்பதும் நிர்வாக ஸ்தாபனத்தின் அதிகாரம். பெறும் ஸ்தாபனம் தகுதியுடையதாக இருக்கும்வரையில் பெரும்பாலும் சிபாரிசு நிறைவேறிவிடும்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் 2,000 டாலருக்கு வாங்கிய பங்குகள் இன்று 20,000 டாலர் மதிப்புக்கு உயர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை விற்றுப் பணமாக்கித் தர்மம் செய்தால், 18,000 டாலர் லாபத்துக்கு முதலில் அவர் வரி செலுத்தவேண்டும். பங்குகளாகவே நிதியில் சேர்த்துவிட்டாலோ அந்த வரி இல்லை. அன்றைய முழு மதிப்பையும், வருமானத்தில் 30 சதவீதம் முதலிய வரம்புகளுக்கு உட்பட்டு, கழிவாகக் காட்டிக்கொள்ளலாம். பங்குகளைப் பெறுவதற்கென ஒரு தரகுக் கணக்குக்கூட இல்லாத சிறிய தமிழ்ப் பள்ளிக்கோ, ஊர் நூலகத்துக்கோ, அந்தப் பங்குகளின் பயன் ரொக்கமாக மாறிப் பல தவணைகளில் வந்து சேர்வதற்கு இந்த நிதி ஒரு மதகுபோல் அமைகிறது. மேலும், 2018 முதல் அமுலுக்கு வந்த வரிச் சட்டம் யாவருக்கும் பொதுவான அடிப்படைக் கழிவை ஏறக்குறைய இருமடங்காக்கிவிட்டபடியால், ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கொடுப்பவர்களில் பலருக்குத் தனிக் கழிவின் பயன் கிட்டாமல் போயிற்று. ஆகவே நான்கைந்து ஆண்டுகளின் தர்மத்தை ஒரே ஆண்டில் நிதியில் சேர்த்துவிட்டு, பின் வழக்கம்போல் ஆண்டுதோறும் வழங்கும் வழக்கம் நடுத்தர வகுப்பாரிடையேயும் பரவலாயிற்று.

வளர்ந்த வரலாறு

இந்த ஏற்பாடு நேற்றுத் தோன்றியது அன்று. 1914-ஆம் ஆண்டில் கிளீவ்லாண்டு நகரத்தில், சட்ட அறிஞரும் வங்கி அதிபருமான ஃபிரெடெரிக் காஃப் என்பவர், இறந்தவர்கள் எழுதிவைத்த பழைய சாசனங்களின் நிபந்தனைகள் காலத்துக்கு ஒவ்வாமல் போய், தர்மப் பணம் ஒருவருக்கும் உதவாமல் முடங்கிக்கிடப்பதைக் கண்டு மனம் நொந்து, ஊரார் பொதுவில் நிர்வகிக்கும் சமூக நிதி ஸ்தாபனம் என்ற புதிய முறைக்கு வித்திட்டார். அந்த வழியில் வந்த நியூயார்க் சமூக அறநிதி 1931-இல் முதல் கொடையாளர் ஆலோசனை நிதியை நிறுவியது. ஆறு தசாப்தங்கள் இது பெரும்பாலும் சமூக நிதி ஸ்தாபனங்களுக்குள்ளேயே அடங்கிக்கிடந்தது. 1991-இல் ஃபிடெலிட்டி என்னும் முதலீட்டுக் கம்பெனி இதற்கென்றே ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தபோது நிலைமை மாறியது. வேன்கார்டு, ஷ்வாப் முதலிய கம்பெனிகளும் அந்தத் தசாப்தத்திலேயே அதே பாதையில் சென்றன. செல்வந்தர்களுக்கு மாத்திரம் உரியதாக இருந்த சாதனம், கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறந்து, 50 டாலரைக்கூட ஓர் அநாதை விடுதிக்கு அனுப்பச் சொல்லும் அளவுக்கு எளிதாயிற்று.

பிறகு 2006-ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிதிகளுக்கு முதன்முறையாகச் சட்டபூர்வமான இலக்கணம் வகுத்து, துஷ்பிரயோகங்களுக்குத் தண்டவரியும் விதித்தது. 2016-இல் வெளியான ஒரு தரவரிசையில், அமெரிக்காவிலேயே மிக அதிக நன்கொடை பெறும் தர்ம ஸ்தாபனம் என்ற ஸ்தானத்தில் நெடுங்காலம் வீற்றிருந்த யுனைடெட் வேயைப் பின்னுக்குத் தள்ளி ஃபிடெலிட்டியின் தர்ம ஸ்தாபனம் முதலிடம் பெற்றது. 2023-இல் இத்தகைய நிதிகளில் இருந்த மொத்த இருப்பு சுமார் 25,000 கோடி டாலர். அந்த ஓராண்டில் அவற்றிலிருந்து தொண்டு ஸ்தாபனங்களுக்குச் சென்ற மானியம் 5,400 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு பெரிய வெள்ளம் ஓடும்போது அதற்கேற்பத் தம் வாய்க்காலைச் சீர்செய்துகொள்ளாத ஸ்தாபனம், கரையில் நின்றும் தாகத்தால் வாடவேண்டியதுதான்.

ஆடும் விளக்கும்

அந்நிய நாட்டுச் சட்ட ஏற்பாடு ஒன்று நம் மனத்தில் பதிவதற்கு, நமக்குப் பழக்கமான ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. சோழர் காலத்துக் கோயில்களில் ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிவதற்காக 96 ஆடுகளைத் தானமாகக் கொடுப்பது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுக்கள் அவற்றைக் குறிக்கும். இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் பிறந்து மந்தை குறையாமல் இருக்கவேண்டும் என்பது கருத்து. ஆடுகளைக் கொடுத்தவர் ஒருவர். அவற்றை ஏற்று மேய்த்து, நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலில் அளந்தவர் இடையர். விளக்கு எரிந்ததோ சந்நிதியில். கொடையாளர், காப்பாளர், பெறுபவர் என்னும் மூவர் அங்கும் இருந்தனர், இங்கும் இருக்கின்றனர். பேதம் ஒன்று உண்டு. அங்கே கொடுத்தவரின் சொல் கல்லில் வெட்டிய நிபந்தனை. இங்கே அது வெறும் ஆலோசனை. ஆனால் ஒப்புமையில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படிப்பவர்கள், ஆடு கொடுத்தவர் பெயரையும், ஆட்டை ஏற்று நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையரின் பெயரையும் அவற்றில் சேர்த்தே காண்கிறார்கள். யாரிடமிருந்து நெய் வருகிறதோ அவர் பெயரும், யாருடைய பக்தியால் வருகிறதோ அவர் பெயரும் மறக்கப்படவில்லை. கொடையாளர் ஆலோசனை நிதியைப் பெறும் தொண்டு ஸ்தாபனத்தின் கடமை முழுவதும் இந்த ஒரு வழக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

வந்ததை வரவு வைக்கும் முறை

முதலாவதாக, உறையோடு வரும் கடிதத்தை முதலெழுத்து முதல் கடைசி எழுத்து வரையில் படிக்கவேண்டும். அதில் சாதாரணமாக நான்கு செய்திகள் இருக்கும்: நிதியின் பெயர், தொகை, எந்தக் காரியத்துக்கு என்ற குறிப்பு, கொடையாளரின் பெயரும் விலாசமும். காசோலைக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் நேரே பணம் வந்து விழும்போது, இந்தச் செய்திகள் நிர்வாக ஸ்தாபனத்தின் இணையப் பக்கத்தில் தனியாகக் காத்திருக்கும். பணம் வந்ததைப் பார்த்துவிட்டுச் செய்தியைத் தேடாமல் விடுவது பலருக்கு நேரும் பிழை. காரியக் குறிப்பு ‘நூலகத்துக்கு’ என்று இருந்தால், அந்தப் பணத்தை வாடகைக்குச் செலவிடலாகாது. ‘மிகத் தேவையான இடத்துக்கு’ என்று இருந்தால் நிர்வாகக் குழுவின் விவேகப்படி செலவிடலாம்.

இரண்டாவதாக, பேரேட்டில் பதியும் முறை. சட்டத்தின் கண்ணுக்கு நன்கொடை கொடுத்தது நிர்வாக ஸ்தாபனமேயாதலால், கணக்கு வரவு அதன் பெயரில்தான் விழவேண்டும். ஆண்டுதோறும் வரித்துறைக்கு அனுப்பும் அறிக்கையில் கொடையாளர் பெயரைக் குறிக்கவேண்டியிருந்தால், அங்கும் அந்தப் பெயரே இடம்பெறும். ஆயினும், சிபாரிசு செய்த மனிதரின் பெயரிலும் அதே தொகையை ஓர் அடையாள வரவாகத் தனியே குறித்துவைக்கவேண்டும். நன்கொடை அலுவலகங்களில் பணிபுரிவோர் முன்னதை ‘ஹார்டு கிரெடிட்’ என்றும் பின்னதை ‘சாஃப்ட் கிரெடிட்’ என்றும் சொல்வார்கள். பின்னதைப் பதியாத ஸ்தாபனத்தில், பத்தாண்டுகள் தொடர்ந்து உதவிய ஒருவர் பேரேட்டின்படி ஒரு காசும் கொடாதவராகத் தோற்றமளிப்பார். ஆண்டு மலரின் நன்றிப் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டுப்போகும். முன்பு நேரே கொடுத்துவந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார் என்று தவறாக எண்ணி, ‘மீண்டும் வாருங்கள்’ என்று அவருக்கே ஒரு கடிதமும் போகும். தர்ம சிந்தையுடைய மனத்துக்கு அதைவிட வேதனையளிப்பது வேறு என்ன இருக்கிறது?

மூன்றாவது, நன்றிக் கடிதம். இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர் வரிக்கழிவு பெறவேண்டுமானால், பெற்ற ஸ்தாபனத்திடமிருந்து எழுத்துமூலமான ஒப்புகை ஒன்று அவரிடம் இருந்தாகவேண்டும். அதனால் ஸ்தாபனங்கள் எல்லா நன்றிக் கடிதங்களின் அடியிலும் வரிச் சலுகை பற்றிய வாசகம் ஒன்றை இயந்திரம்போல் அச்சிட்டுவிடுகின்றன. ஆலோசனை நிதியின் கொடையாளரோ, பணத்தை நிதியில் சேர்த்த அன்றே கழிவைப் பெற்றுவிட்டவர். அதற்குரிய ரசீதும் நிர்வாக ஸ்தாபனத்திடமிருந்து அவருக்கு வந்துவிட்டது. நம்முடைய கடிதத்திலும் அந்த வாசகம் இருந்துவிட்டால், ஒரே தர்மத்துக்கு இருமுறை கழிவு கேட்கத் தூண்டியதுபோல் ஆகும். ஆகவே அவருக்கு எழுதும் கடிதம் ரசீதாக இராமல் கடிதமாகவே இருக்கவேண்டும். ‘தங்கள் குடும்ப நிதியிலிருந்து தாங்கள் சிபாரிசு செய்த 2,000 டாலர் மானியம் எங்களுக்கு வந்து சேர்ந்தது, அதனைக் கொண்டு இன்னது செய்ய எண்ணியிருக்கிறோம், தங்கள் அன்புக்கு எங்கள் வந்தனம்’ என்று எழுதினால் போதும். நிர்வாக ஸ்தாபனத்துக்குத் தொகை கிடைத்தது என்று சுருக்கமாக ஓர் ஒப்புகை அனுப்பலாம்; தமக்கு அனுப்பவேண்டா என்று அந்த ஸ்தாபனம் கேட்டுக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடலாம். நன்றிக் கடிதம், ஒப்புகை ஆகிய இரண்டையும் ஒன்றென்று மயங்குவதுதான் பிழை.

செய்யலாகாதவை

ஆலோசனை நிதியிலிருந்து வரும் மானியத்துக்குப் பிரதியாகக் கொடையாளருக்கு அற்பமான மரியாதைக்கு மேற்பட்ட பலன் எதுவும் போகக்கூடாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி. மீறினால், அந்தப் பலனின் மதிப்பில் 125 சதவீதத்தை வரியாகக் கட்டும்படி நேரும். அந்தச் சுமை விழுவது பெறும் ஸ்தாபனத்தின் மீதன்று, சிபாரிசு செய்தவர் மீதோ பலனை அனுபவித்தவர் மீதோதான். நமக்கு உதவ வந்தவரை நம் அஜாக்கிரதையால் அபராதத்துக்கு ஆளாக்குவது நியாயமாகுமா?

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். ஆண்டு விழாவுக்கு 250 டாலர் நுழைவுச் சீட்டு. அதில் விருந்தின் மதிப்பு 80 டாலர், எஞ்சிய 170 டாலர் நன்கொடை. ‘170 டாலரை என் நிதியிலிருந்து அனுப்பச் சொல்கிறேன், 80 டாலரைக் கையிலிருந்து கொடுத்துவிடுகிறேன்’ என்று ஒருவர் கூறினால், கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றும். ஆனால் நன்கொடைப் பகுதி நிதியிலிருந்து வராவிட்டால் அந்தச் சீட்டே அவருக்குக் கிடைத்திராது ஆகையால், இதுவும் பலன் பெற்றதேயாகும் என்பது அமெரிக்க வரித்துறை 2017 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பின் கருத்து. ஏலத்தில் எடுத்த பொருளுக்கும், பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும், சலுகைகள் அடங்கிய அங்கத்தினர் சந்தாவுக்கும் இந்த நிதியைப் பயன்படுத்தலாகாது. விழாவின் அழைப்பிதழிலேயே இதைத் தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டால், வாசலில் நின்று மரியாதைக்குரிய ஒருவரிடம் மறுப்புச் சொல்லும் தர்மசங்கடம் நேராது. விழாவுக்கு வரும் எண்ணமின்றி, விருந்தும் வேண்டாது, விழாவின் செலவுக்கென்றே உதவுபவரிடமிருந்து ஆலோசனை நிதியைத் தாராளமாக ஏற்கலாம்.

வாக்குறுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டிட நிதிக்கு ஐந்தாண்டுகளில் இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் சட்டப்படி கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டால், அது அவருடைய சொந்தக் கடனாகிவிடுகிறது. தர்மத்துக்கென ஒதுக்கிய பணத்தால் சொந்தக் கடனை அடைப்பது தகாது. ஆகவே வாக்குறுதிப் படிவத்தில், இது சட்டபூர்வமான கட்டுப்பாடு அன்று என்றும், கொடையாளர் தாமே கொடுக்கவோ தம் நிதியிலிருந்து சிபாரிசு செய்யவோ எண்ணியிருக்கிறார் என்றும் வாசகத்தை அமைத்துக்கொள்வது முன்யோசனையுள்ள ஸ்தாபனங்களின் வழக்கம். ஆயினும் வாக்குறுதியை நிதியிலிருந்து நிறைவேற்றுவதற்கு மேற்சொன்ன அறிவிப்பு சில நிபந்தனைகளோடு இடங்கொடுக்கிறது. படிவத்தை முடிவு செய்யுமுன் இந்தத் துறை அறிந்த கணக்காளரையோ வழக்கறிஞரையோ கலந்துகொள்வது உசிதம்.

வாசலைத் திறந்துவைத்தல்

இதுகாறும் வந்ததைப் பேணும் முறையைக் கூறினோம். வருவதற்கு வழி செய்வதும் நிர்வாகத்தின் பகுதியே. ஆலோசனை நிதி வைத்திருப்பவர் தம் கணக்கில் ஒரு ஸ்தாபனத்தின் பெயரையோ, வரித்துறை அளித்த ஒன்பது இலக்க அடையாள எண்ணையோ தட்டித்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். ‘தமிழ்ச் சங்கம்’ என்ற பெயரில் பல ஊர்களில் பல சங்கங்கள் இருக்கின்ற நாட்டில், சட்டப்பூர்வமான முழுப் பெயரும் எண்ணும் தெரியாவிட்டால் ஓர் ஊரின் பணம் வேறோர் ஊருக்குப் போய்விடுதல் அசாத்தியமன்று. ஆகவே நன்கொடை கோரும் ஒவ்வொரு கடிதத்திலும் இணையப் பக்கத்திலும் இவ்விரண்டையும் குறிப்பிடவேண்டும். அதைப்போலவே, காசோலைகள் பெரும்பாலும் வரித்துறையின் பதிவேட்டில் உள்ள விலாசத்துக்கே போகும். தன்னார்வலர்களால் நடத்தப்படும் சங்கங்களில், எட்டு ஆண்டுகளுக்கு முன் தலைவராக இருந்தவரின் வீட்டு விலாசமே பதிவேட்டில் நிலைத்துவிட, அவரோ வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட, காசோலைகள் ஊர் ஊராய் அலைந்து திரும்பும் கதைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விலாசத்தைப் புதுப்பிக்கும் ஒரு சிறிய படிவம், பல விண்ணப்பங்களால் ஆகாத நன்மையைச் செய்துவிடும்.

கேட்பதற்கும் தயங்கலாகாது. நிதியில் இருக்கும் பணம் ஏற்கெனவே தர்மத்துக்கென அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற்றுச் சொந்தச் செலவுக்கு உபயோகிக்க அவரால் முடியாது. ஆதலால் அதனைக் கேட்பது ஒருவருடைய பணப்பையில் கைவைப்பதன்று. சேமித்துவைத்த விதைக்கு நிலம் காட்டுவது. ‘தங்களுக்கு ஆலோசனை நிதி உண்டா?’ என்று ஒரு வரி படிவத்தில் இருக்கட்டும். ஒருமுறை சிபாரிசு செய்தவரிடம், மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ தானாகவே மானியம் செல்லும்படி ஏற்பாடு செய்ய இயலுமா என்று வினவலாம். நெடுங்காலம் பழகியவரிடம், அவருடைய காலத்துக்குப் பின் நிதியில் எஞ்சும் தொகைக்கு நம் ஸ்தாபனத்தை வாரிசாகக் குறிக்க மனம் உண்டா என்றும், தக்க சமயத்தில், பணிவோடு கேட்கலாம். அந்த உரிமையைப் பெரும்பாலான நிர்வாக ஸ்தாபனங்கள் கொடையாளருக்கு அளித்திருக்கின்றன.

தம் பெயர் தெரியவேண்டாம் என்று கருதும் கொடையாளர்களும் உண்டு, அத்தகையோர் சிலரே. அவர்களுடைய மறைவைத் துருவி ஆராய்ந்து கண்டுபிடிக்க முயல்வது பண்பன்று. ஆனால் பெயரற்றவருக்கு நன்றி சொல்ல வழியே இல்லை என்று கைவிட்டுவிடவும் வேண்டியதில்லை. நிர்வாக ஸ்தாபனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இயலுமானால் அதனை உரியவரிடம் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். சமூக நிதி ஸ்தாபனங்கள் பல இந்த உதவியை விருப்பத்துடன் செய்கின்றன.

உறங்கும் பணத்தின் வழக்கு

இந்த நிதிகளைப் பற்றிக் கண்டனமும் இல்லாமல் இல்லை. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தர்மத்துக்குச் செலவிட்டாகவேண்டும் என்று சட்டம் இருக்க, ஆலோசனை நிதிக் கணக்குகளுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. வரிச் சலுகை இன்று கொடுக்கப்பட்டுவிட்டது; பசித்தவன் வயிற்றுக்குச் சோறு எப்போது போகும் என்பதற்குத் தேதி இல்லை. இதைத் திருத்தவேண்டும் என்று 2021-இல் ஆங்கஸ் கிங், சக் கிராஸ்லி என்னும் இரு செனட்டர்கள், பதினைந்து ஆண்டு வரம்பு முதலியவற்றை உட்கொண்ட ஒரு மசோதாவைக் கொண்டுவந்தனர், அது சட்டமாகவில்லை. நிதிகளை ஆதரிப்போரோ, மொத்தமாகப் பார்த்தால் இவற்றிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் விகிதம் அறக்கட்டளைகளின் கட்டாய விகிதத்தைவிடப் பன்மடங்கு அதிகம் என்கிறார்கள். மொத்தக் கணக்கு உண்மையே. ஆயினும் தனித்தனிக் கணக்குகள் பல அசையாமல் கிடப்பதும் உண்மையே.

சட்டம் எப்படி ஆனாலும் ஆகட்டும். உறங்கும் பணத்தை எழுப்பும் சக்தி தொண்டு ஸ்தாபனங்களின் கையிலும் ஓரளவு இருக்கிறது என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். கணக்கில் பணம் வைத்துக்கொண்டு கொடாமல் இருப்பவர் எல்லோரும் கருமிகள் அல்லர். எங்கே கொடுப்பது, கொடுத்தது என்னவாயிற்று என்று தெரியாமையால் கை ஓய்ந்திருப்பவர்களே பலர். சென்ற முறை அனுப்பிய 2,000 டாலரில் எத்தனை பாடநூல்கள் வாங்கப்பட்டன, எத்தனை குழந்தைகள் முதன்முறையாகத் தம் பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதினார்கள் என்று ஆறு மாதத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பும் ஸ்தாபனத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

தாய்நாட்டுத் தர்மங்களில் நாட்டமுள்ள அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த நிதிகளை நிர்வகிப்போரில் பலர் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனங்களுக்கு மட்டுமே மானியம் வழங்குவார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ உதவ விரும்பினால், இடையில் அமெரிக்க ஸ்தாபனம் ஒன்றின் வாயிலாகவே போகவேண்டியிருக்கும். அங்கிருந்து பணத்தை ஏற்கும் இந்திய ஸ்தாபனமோ 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்று, 2020-இல் வந்த திருத்தத்துக்கு இணங்க டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் அதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கவேண்டும். ஆடு ஒன்று, இடையர் இருவர் என்று கொள்ளலாம்; கைகள் எத்தனை மாறினாலும், கடைசியில் விளக்கு எரிந்த செய்தி முதலில் கொடுத்தவர் வரையில் திரும்பிப் போய்ச் சேரவேண்டும்.

அந்தத் தமிழ்ப் பள்ளியின் பொருளாளர், கோப்பைத் திறந்து பார்த்த மறுநாளே மருத்துவ அம்மையாரின் வீட்டுக்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். “பணம் போய்ச் சேர்ந்ததே, அது போதும் தம்பி” என்று சொல்லி, அவர் காப்பி கொடுத்து உபசரித்தாராம். அடுத்த சனிக்கிழமை நான் பள்ளிக்குப் போனபோது, மேசைமேல் இருந்த வரவுப் புத்தகத்தில், தொகைக்கு முன்னால் இதுவரை ஒன்றாக இருந்த பத்தியை அளவுகோல் வைத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றன் தலையில் ‘கொண்டுவந்தவர்’ என்றும், மற்றொன்றன் தலையில் ‘கொடுத்தவர்’ என்றும் அவர் எழுதியிருந்தார். இரண்டாவது பத்தியின் முதல் வரியில், மை இன்னும் புதிதாக, அந்த அம்மையாரின் பெயர் இருந்தது.